சுவர் விழவில்லை

நினைவு மலர் ஆசிரியருக்கு எழுதுகிறேன். எழுத்துக் கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மறதியும் வந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓடுகிறோம். 1990, ஆடி மாதம். காலை பத்து மணி இருக்கும். யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம். நானும் தங்கச்சி புவனமும். தூரத்தில் 'டும்'. ஷெல் புறப்பட்டுவிட்டது. எண்ணுகிறோம். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழில் விழுகிறது. நிலம் அதிர்கிறது.

முன்னால் ஒல்லாந்தர் காலத்து வீடு. ஆட்கள் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சுவர் இரண்டு முழத் தடிப்பு. வளைவு வாசல். முற்றத்தில் பங்கர். பனங்குற்றி, மண்மூட்டை. புவனம் அதற்குள் இறங்கிவிட்டாள்.

"அக்கா, கெதியா வாங்கோ!"

"உதுக்குள்ளை இராதை! வெள்ளைக்காரன் கட்டின சுவரடி, ஒண்டும் செய்யாது. வீட்டுக்குள்ளை வா!"

கத்தியது நான். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் நம்பினோம். அவ்வளவு பழைய கட்டடத்துக்கு எவனும் அடிக்க மாட்டான் என்று. அவள் ஏறி வந்தாள். எப்போதும் என் சொல் கேட்பவள்.

அடுத்த 'டும்'. நாலு வரைதான் எண்ணினேன். கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. மரமும் ஓடும் அவள்மேல். நான் வாசல் வளைவின் கீழ் நின்றேன். எனக்கு ஒரு கீறல் இல்லை. சுவர் விழவில்லை. பங்கரில் ஒரு மூட்டைகூடக் கிழியவில்லை.

இப்போது 1997. ஸ்காபரோ. ஒன்பதாம் மாடி. பக்கத்து வீட்டு லியூ அம்மா சீனத்துக்காரி. என் வயதுதான். அவள் வீட்டில் சீனக் கடைக் கலண்டர். படமெல்லாம் அவளுடைய ஊர், தியன்சின். மாதத்துக்கு ஒரு கட்டடம். இங்கிலீஷ்காரன், பிரெஞ்சுக்காரன், இத்தாலிக்காரன் பங்குபோட்டுக் கட்டிய தெருக்கள். தூண்கள். வட்டக் கூரைகள். அந்த ஒல்லாந்தர் வீட்டில் இருந்தது போலவே வளைவு வாசல்கள். புதுப் பெயின்ற். எனக்கு வயிறு எரிந்தது. அங்கே மட்டும் எப்படி எல்லாம் நிற்கிறது?

லியூ அம்மா ஒரு படத்தில் விரலை வைத்தாள். தெரு முகப்பில் இரும்புக் கதவு.

"மை பிரதர். ஜப்பான் பொம். டோர் குளோஸ்."

ஓடி வந்த சனத்தை வெள்ளைக்காரரின் தெருவுக்குள் விடாமல் கதவைப் பூட்டிவிட்டார்கள் என்று கையால் காட்டினாள். தம்பி வெளியே. ஒன்பது விரல் காட்டினாள். ஒன்பது வயது.

"யூ?" என்றாள்.

"மை சிஸ்டர். ரூஃப்."

அதற்குமேல் எங்கள் இருவரிடமும் இங்கிலீஷ் இல்லை. தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

போன மாதம் இங்கே வந்த நினைவு மலர் ஒன்றைப் படித்தேன். 'ஒல்லாந்தர் கால இல்லம் ஒன்று சேதமுற்றது.' அந்த வீடுதான். எத்தனை தூண், எத்தனை கதவு, என்ன மரம், எல்லாம் இருக்கிறது. புவனம் இல்லை. கலண்டரிலும் அந்தப் பிள்ளை இல்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். இன்று கேட்கிறேன். சுவரையா எண்ணுகிறீர்கள்? வெட்கமில்லையா?

நான் எண்ணுகிறேன். யாழ்ப்பாணத்தில் கூரை ஒன்று. புவனேஸ்வரி, வயது ஐம்பத்தெட்டு. தியன்சினில் ஒரு பிள்ளை, வயது ஒன்பது. அவன் பெயர் என் வாயில் வரவில்லை. லியூ அம்மாவையே எழுதச் சொல்லிக் கடதாசித் துண்டை இதோடு வைத்திருக்கிறேன். அதையும் அச்சில் போடுங்கள்.

அன்றைக்குச் செவ்வாயா புதனா, தெரியவில்லை. தெருப் பெயரும் நினைவில் இல்லை. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். அவளை வீட்டுக்குள் கூப்பிட்டது யார் என்பதைத் திருத்த வேண்டாம். அது சரி.