நகராத என்ஜின்

— அங்க இல்லைங்க. இன்னும் கொஞ்சம் கீழ... ஐயோ, அது சுண்டு விரலு!

— கையை ஆட்டாம இரு. மருந்து தடவறதா, மீன் பிடிக்கறதா?

— சூடு பட்டது மணிக்கட்டுல. நீங்க விரலுக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கீங்க.

— விளக்கு மங்கலா இருக்கு. ஆமா, தையல் வகுப்புல எப்படிச் சூடு படும்?

— அது... அடுப்புல பட்டது.

— இப்பதானே வகுப்புலன்னு சொன்னே?

— வகுப்புக்குப் போற அவசரத்துல அடுப்புல பட்டுச்சுன்னு சொன்னேன். நீங்க பாதியைத்தான் கேட்டீங்க.

— ஒரு மாசமா தைக்கப் போறே. இன்னும் ஒரு கைக்குட்டையைக் கூடக் கண்ணுல காட்டல.

— இப்பதான் ஊசியில நூல் கோக்கச் சொல்லித் தர்றாங்க.

— ஒரு மாசமாவா?

— பெரிய ஊசிங்க... அதை விடுங்க. ரயில் ஓட்டறவரு தினமும் பொழுது சாயறதுக்குள்ள வந்துடறீங்களே, அது எப்படி? கல்யாணமான நாள்லேருந்து சாப்பாட்டை மூடி வச்சுட்டுக் காத்துக்கிட்டிருந்தவ நான். இப்ப உலை கொதிக்கறதுக்குள்ள வாசல்ல நிக்கறீங்க.

— புது டைம்டேபிள்.

— இன்னைக்கு எங்க போயிட்டு வந்தீங்க?

— எப்பவும் போற ஊருக்குத்தான்.

— ஆத்துப் பாலம் ரிப்பேர், அந்தப் பக்கம் வண்டியே இல்லைன்னு பேப்பர்ல போட்டிருக்கான்.

— ...சுத்திப் போனோம்.

— சுத்திப் போயுமா சீக்கிரம் வந்தீங்க?

— நீ பேசறியா, குறுக்கு விசாரணை பண்றியா?

— எனக்கு ஒண்ணும் புரியலைங்க, அதான். சாப்பாட்டுப் பையில ஒரு மூக்குக் கண்ணாடி வேற இருக்கு.

— அது... துணை டிரைவரோடது.

— அதைப் போட்டுக்கிட்டுதானே காலையில கட்டிலுக்கு அடியில செருப்பைத் தேடினீங்க?

— பாத்துட்டியா?

— நீங்கதான் என்னைப் பாக்கல. கட்டில் மேலேயே உக்காந்திருந்தேன். மருந்து காயுதுங்க.

— இரு. சொல்லிடறேன். கண் சோதனையில தோத்துட்டேன். தூரத்துச் சிக்னல் மட்டுமில்ல, கிட்ட இருக்கறதும் கலங்கித் தெரியுது. வண்டியிலேருந்து இறக்கிட்டாங்க.

— எப்ப?

— நீ தையல் கத்துக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. ஓட்டம் இல்லாததால அதுக்கு வர்ற படியும் நின்னு போச்சு. வீட்டுக்குக் கொண்டு வர்ற பணம் குறைஞ்சும், நீ ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல.

— கேட்டா நீங்க சொல்ல வேண்டியிருக்கும். அதான் கேக்கல... வகுப்புக்குப் போனேன். அப்ப தினமும் எங்கதான் போறீங்க?

— என்ஜினுக்குத்தான். ஆனா அது நகராது.

— நகராத என்ஜின்ல டிரைவருக்கு என்னங்க வேலை?

— முதல் நாள் நானும் இதையேதான் கேட்டேன். ஓடி ஓய்ஞ்ச கரண்ட் என்ஜின் அது. யார்டுல சக்கரத்துக்குக் கட்டை வச்சு நிறுத்திட்டாங்க. மேல போற கம்பியிலேருந்து கரண்டை வாங்கும். அதை அப்படியே கொடுத்தா எல்லாம் கருகிடும். வயித்துக்குள்ள வச்சுக் குறைச்சு, கழுவற பெட்டிங்களுக்கு, ஏசி சோதிக்கறதுக்கு, பயணிங்க போர்வையைத் துவைச்சுத் தேய்க்கற கூடத்துக்குன்னு பிரிச்சுக் கொடுக்கும். முன்னெல்லாம் அதுக்கு டீசல் ஜெனரேட்டர் புகைஞ்சுக்கிட்டுக் கிடந்துச்சு.

— அதாவது... நிக்கற என்ஜின்ல நீங்க உக்காந்திருக்கீங்க.

— கம்பியைத் தொட்டுக்கிட்டிருக்கற என்ஜின்ல ஆள் இருக்கணும்னு விதி. தெருவே உன்னை டிரைவரம்மான்னு கூப்பிடுது. அந்தப் பேரு போயிடுமேன்னுதான்...

— அதுக்காகத்தான் பாலத்தைச் சுத்திப் போனீங்களாக்கும்.

— சிரிக்காதே. இன்னைக்கு அந்த என்ஜினையும் கொஞ்ச நேரம் நிறுத்திட்டேன். மேலதிகாரிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

— நிக்கற என்ஜினை எப்படிங்க நிறுத்துவீங்க? எனக்குத் தலை சுத்துது.

— கரண்டை நிறுத்தினேன்மா. காத்து இழுக்கற சல்லடைக்குப் பின்னாடி ஒரு புறாக்குஞ்சு மாட்டிக்கிச்சு. உள்ள விசிறி சுத்துது. எப்படி விடறது? ஒரு உயிராச்சே! எல்லாத்தையும் அணைச்சுட்டு, தேய்க்கற கூடத்து வாசல்ல போய் நின்னு, "அம்மா, ஒரு குஞ்சு மாட்டிக்கிச்சு, கொஞ்சம் பொறுத்துக்குங்க"ன்னேன். வேலை கெட்டுதேன்னு சத்தம் போடுவாங்கன்னு பாத்தேன்.

— போடலையா?

— மூக்கை மறைச்சுத் துணி கட்டின ஒரு அம்மா எழுந்து வந்தாங்க. வாயே திறக்கல. குஞ்சை வைக்கச் சொல்லி ஒரு தலையணை உறையை நீட்டிட்டு, சட்டுனு திரும்பிக்கிட்டாங்க.

— முகத்தைப் பாக்கலையா?

— கண்ணாடி பையில கிடந்துச்சு. நாலு பேர் முன்னாடி போட்டுக்க வெக்கம்... குஞ்சு பொழைச்சுடுச்சு. இன்னைக்குப் பூரா அந்தப் புண்ணியவதி நினைப்புதான் எனக்கு. உறை கொடுத்த கைக்கு ஒரு நோவும் வரக் கூடாதுன்னு ஆண்டவன்கிட்ட வேண்டிக்கிட்டேன்.

— அப்ப முதல்ல கண்ணாடியைப் போடுங்க. போட்டுக்கிட்டு, இந்தக் கைக்கு ஒழுங்கா மருந்தைத் தடவுங்க... நீங்க வேண்டிக்கறதுக்கு முன்னாடியே இஸ்திரிப் பெட்டி சுட்டுடுச்சுங்க.