நானூறு காட்டிய திரை

எங்கள் வீட்டில் நல்ல நாற்காலி த்ரிசலாவுடையதுதான், மேடம். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவள், முதுகு வலிக்கக் கூடாது என்று நானே தேடி வாங்கிப் போட்டேன். என் மனைவிக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை. வேங்கிக்காலில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

எனக்குத் தேரடித் தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். இன்னும் கட்டாத வீட்டைக் கம்ப்யூட்டரில் கட்டி, வாசலில் நுழைந்து அறை அறையாக நடந்து பார்ப்பதுபோல் காட்டுவாள். வீடு வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்தே மயங்கிவிடுவார்கள். மெஷினைப் பார்த்துக்கொள்வது மட்டும் என் பொறுப்பு. அதன் உள்விவகாரம் அவளுக்குத் தெரியாது.

போன தை மாதம் பெங்களூரில் ஒரு கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டது. நானும் சந்தோஷம் என்றுதான் சொன்னேன். மறுநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது மெஷினில் ஒரே ஒரு அமைப்பை மாற்றினேன்.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். திரையில் அசைவதெல்லாம் அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படங்கள். அவளுடைய திரை நொடிக்கு அறுபது படம்தான் காட்டும். அதற்கு மேல் வரையாதபடி கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரு வரம்பு வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டேன். கார்டு தன் பலத்தையெல்லாம் போட்டு நானூறு படம் வரைந்து தள்ளியது. திரையால் அத்தனையும் வாங்க முடியாது. பழைய படம் பாதி, புதுப் படம் பாதி என்று ஒட்டிக்கொண்டு வரும். கார்டு சூடேறி நடுவில் தயங்கும். ஒரு படம் சீக்கிரம் வரும், அடுத்தது தாமதமாக வரும். பௌர்ணமியன்று கோபுர வாசலில் ஆட்களை அளவாக விட்டால் வரிசை நகரும், மொத்தமாகத் திறந்துவிட்டால் முட்டி மோதி நிற்கும் இல்லையா, அதேதான். ஆனால் நொடிக்கு எத்தனை படம் என்று திரை மூலையில் வரும் எண் மட்டும் நானூறு என்று காட்டும். எண் பெரிதாக இருந்தால் மெஷினை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மத்தியானம் சாப்பிட வந்த என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "ஏங்க, படம் விட்டு விட்டு வருதே. உங்களுக்கும் அப்டித் தெரியுதா?"

"இல்லையே. நானூறு காட்டுது பாரு. நல்லாத்தான் ஓடுது."

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவள் அம்மா ஜெயமதி மூளையில் கட்டி வந்து இறந்தவர். கடைசி நாட்களில், எதிரே வருகிற வண்டி நின்று நின்று தாவுகிறது என்பார். த்ரிசலாதான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். அதை நான் நினைவுபடுத்தவில்லை. அத்தைக்கு எப்படி ஆரம்பித்தது என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன், அவ்வளவுதான்.

கண் டாக்டர் குறையில்லை என்றார். வேலூரில் எடுத்த ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. அத்தைக்கும் முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றேன். அது உண்மைதான். பிறகு திரைக்கு வெளியேயும் அவளுக்கு அப்படித் தெரிய ஆரம்பித்தது. ஃபேன், தெருவில் போகிற மாடு, தட்டு நீட்டுகிற என் கை, எல்லாம் தாவித் தாவி வருகிறது என்பாள். பயம் அந்த மாதிரி. ஸ்கூட்டரைத் தொடுவதை விட்டாள். பெங்களூருக்கு வரவில்லை என்று அவளே போன் செய்து சொன்னாள். நான் ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வேலூர் ரோட்டைத் தாண்டும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொள்வாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை. நாங்கள் நன்றாக இருந்த காலம் அதுதான், மேடம்.

அவள் தம்பி அபிஷேக் சென்னையில் கேம் செய்கிற கம்பெனியில் இருக்கிறான். போனில் பேச்சுவாக்கில் அந்த நானூறைச் சொல்லியிருக்கிறாள். அவ்வளவு எதற்கு, வரம்பு வைத்தால் சரியாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றானாம். என்னிடம் சொல்லும்போது அவள் முகம் தெளிந்திருந்தது. "மெஷின்லதான் கோளாறா இருக்கும்னு சொல்றான். எனக்கு ஒண்ணுமே இல்லையோ என்னவோ."

அவன் வருவதற்குள் வரம்பைத் திரும்ப வைத்திருக்கலாம். யோசித்தேன். படம் சரியாக ஓடினால் அவளுக்குத் தைரியம் வந்துவிடும். நல்லாத்தான் ஓடுது என்று சொன்னது யார் என்றும் நினைத்துப் பார்ப்பாள்.

சனிக்கிழமை சாயங்காலம் காய் வாங்கப் போனோம். ரோட்டோரத்தில் அவள் கையை விட்டுவிட்டு, செருப்பு வாரை மாட்டுவதுபோல் குனிந்தேன்.

"நீ தாண்டு, வரேன்."

"பஸ் கிட்ட வந்துட்ட மாதிரி தெரியுதுங்க."

"உனக்கு அப்டித்தான் தெரியும். அது ரொம்ப தூரத்துல வருது. போ."

பேக்கரி கேமராவில் நான் நிமிர்ந்து பஸ்ஸைப் பார்ப்பது தெரிகிறது என்றீர்கள். சரிதான். பார்த்துவிட்டுத்தான் போகச் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள். தன் கண்ணுக்கு நேரே பஸ் வருவது தெரிந்தும் அவள் என் பேச்சை நம்பி இறங்கினாள். இந்த அளவுக்கு நம்புகிற பெண்டாட்டி எத்தனை பேருக்கு வாய்க்கும், நீங்களே சொல்லுங்கள்.