வர்றேன் மாப்ளே

கதவைச் சாத்திவிட்டு இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள், பனி உள்ளே வருகிறது. இது நம்ம ராம்பிரசாத்தின் அண்ணனுக்கு நடந்தது. சந்தேகம் இருந்தால் ராம்பிரசாத்திடமே கேளுங்கள். பேச்சை மாற்றிவிட்டு எழுந்து போய்விடுவான்.

சாயங்காலம் ஆறரை மணி. போடிமெட்டு ரோடு... மேலே ஒரு கொண்டை ஊசி வளைவு. மழையில் மண் சரிந்து பாதி ரோடு பள்ளத்துக்குள் போயிருந்தது. மிச்சப் பாதியில் ஒரு நேரத்துக்கு ஒரு வண்டிதான் போகலாம். அதனால் மேல்முனையில் ஒரு ஆள், கீழ்முனையில் ஒரு ஆள். ஆளுக்கு ஒரு வாக்கி டாக்கி, ஒரு பச்சைக் கொடி. கீழே முனீஸ்வரன். மேலே லிங்கேஸ்வரன், அதாவது ராம்பிரசாத்தின் அண்ணன்.

கொடி பிடிக்கப் படித்தவன் இல்லை அவன். போடிக்குப் பக்கத்து ராசிங்காபுரத்திலிருந்து வடக்கே போய், ஒரு சின்ன விமான நிலையத்தில் உயரமான கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, தரையில் நகரும் விமானங்களுக்கு நில், போ என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தவன். இறங்கிய விமானம் கொட்டகைக்குப் போய்ச் சேரும்வரை அவன் பொறுப்பு.

அதே இடத்தில் விமானம் ஓட்டப் படிக்க வந்து சேர்ந்தான் முபின். போடியில் பாத்திரக்கடை வைத்திருக்கிற நாகூர் கனியின் மகன். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ரேடியோவில் இங்கிலீஷ் தவிர வேறு பேசக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் தினமும் விமானத்தைக் கொட்டகையில் விட்டதும் முபின் கடைசியாக ஒரு வார்த்தை தமிழில் சொல்வான்.

"வர்றேன் மாப்ளே."

அது அவன் அம்மா ருக்கையா பழக்கிவிட்டது. சின்ன வயதில் இந்த இரண்டு வாலுகளில் எது வாசலைத் தாண்டும்போது 'போறேன்' என்றாலும் அவள் விடமாட்டாள். "ஏய், போறேன்னு சொல்லாதப்பு. இங்க வா. வர்றேன்னு சொல்லிட்டுப் போ" என்று திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவாள்.

ஒருநாள் காலையில் திடீரென்று மூடுபனி இறங்கியது. முபின் அப்போதுதான் தனியாகப் பறந்துவிட்டு இறங்கியிருந்தான். கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் தரையே தெரியவில்லை. விமானத்துக்குப் பெட்ரோல் போடுகிற லாரிக்காரன் விமானம் வரும் பாதையைக் குறுக்கே கடக்க அனுமதி கேட்டுக்கொண்டு நின்றான். லிங்கேஸ்வரன் முபினிடம் எங்கே இருக்கிறாய் என்று கேட்டான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ரேடியோவில் கீச்சென்று ஒரு சத்தம்தான் வரும். அந்தச் சத்தம் வந்தது. அது முடிந்த இடத்தில் வால்பகுதி மட்டும் கேட்டது.

"...வர்றேன் மாப்ளே."

கொட்டகை போய்ச் சேர்ந்துவிட்டான், விடை சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டான் லிங்கேஸ்வரன். லாரியை விட்டான். முபின் வந்துகொண்டிருந்தான். இரண்டும் மோதி எரிந்ததில் அவன் பிழைக்கவில்லை.

விசாரணையில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அதிகாரி கேட்டார். வருகிறேன் என்று அர்த்தம் என்றான். பிறகு ஏன் லாரியை விட்டாய்? எங்கள் ஊரில் போகும்போதும் அதைத்தான் சொல்வோம் என்றான். வருவதா, போவதா, ஏதாவது ஒன்றைச் சொல் என்றார் அவர். பாவம், அழுதுவிட்டான்.

குற்றம் அவன்மேல் இல்லை என்று எழுதிவிட்டார்கள். இவனால்தான் நம்ப முடியவில்லை. இன்னொரு தடவை கேட்டிருக்கலாமே... ஒரே ஒரு தடவை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தான். பாத்திரக்கடைத் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை. ருக்கையா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டு ஆள் அனுப்பினாள். போகவில்லை. எந்த முகத்தோடு போவான்?

சரி, அந்தச் சாயங்காலத்துக்கு வருவோம்.

எஸ்டேட்டில் வேலை முடிந்த பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு டிரைவர் திருப்பதியின் ஜீப்பு மேல்முனையில் வந்து நின்றது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூட்டம். ரோடு காலியா என்று லிங்கேஸ்வரன் வாக்கி டாக்கியில் கீழே கேட்டான்.

"காலியாத்தாண்ணே இருக்கு. வெரசா விடுங்க" என்றான் முனீஸ்வரன்.

கொடியைத் தூக்கினான். கையிலிருந்த பெட்டி கீச்சென்றது... அதே கீச்சு.

"...வர்றேன் மாப்ளே."

முனீஸ்வரன் இவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். மாப்ளே என்று கூப்பிட இவனுக்கு இருந்தது ஒரே ஆள்.

கொடி தானாக இறங்கியது.

"என்னண்ணே, போகவா வேண்டாமா? பிள்ளைக வீட்டுல காத்துக் கெடக்கும்ல" என்றான் திருப்பதி.

"இஞ்சின அமத்து."

அமர்த்தினான். அப்போதுதான் எல்லாருக்கும் கேட்டது. கீழேயிருந்து ஒரு சத்தம்... ஜீப்பும் இல்லை, பஸ்சும் இல்லை. விசிறி வேகமாகச் சுற்றுகிற மாதிரி ஒரே சீரான இரைச்சல், மெதுவாக ஏறி வந்தது. வெளிச்சம் ஒன்றும் இல்லை. ஜீப்பு முழுக்க ஏலக்காய் மணம்தான் இருந்தது, அதை அமுக்கிக்கொண்டு பெட்ரோல் நெடி. அதற்குள் ஏதோ கருகிய வாசம். பொம்பளைகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

வளைவுக்கு அந்தப் பக்கம் வந்து இரைச்சல் நின்றது. காத்திருக்கிற மாதிரி அங்கேயே நின்றது.

லிங்கேஸ்வரன் பெட்டியை வாயருகே கொண்டுபோனான். பட்டனை அழுத்தினான். அன்றைக்குக் கேட்காமல் விட்டதைக் கேட்டான்.

"மாப்ளே... வர்றியா, போறியா? சரியாச் சொல்லுடா."

பெட்டியில் வெறும் காற்று. அப்புறம் கீச்சு ஏதும் இல்லாமல், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி வந்தது.

"போறேன் மாப்ளே."

இரைச்சல் மறுபடி கிளம்பியது. மேலேயும் வரவில்லை, கீழேயும் இறங்கவில்லை. ரோடு இடிந்து கிடந்த பக்கமாக, பள்ளத்துக்கு மேலே, போடி இருக்கிற திசையில் போய்த் தேய்ந்தது. லிங்கேஸ்வரன் ஈர மண்ணிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். ஜீப்பிலிருந்து ஒருத்தி இறங்கி வந்து அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கீழேயிருந்து முனீஸ்வரன் வாக்கி டாக்கியில் கூப்பிட்டான். அந்தப் பாவிக்கு முபின் யார் என்றே தெரியாது.

"அண்ணே... யாருண்ணே அது உங்க கூடப் பேசுனது? கெளம்புறப்ப யாராச்சும் போறேன்னு சொல்வாகளா? திரும்பக் கூப்புடுங்கண்ணே. வர்றேன்னு சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க."