ஏழாவது கோப்பை

சுண்டு: மூச்சை இழு. இன்னும் கொஞ்சம்… ம்ஹூம். நுழையாது.

நெட்டை: தையலைப் பிரிச்சுப் பாரு.

சுண்டு: பிரிச்சுத்தான்டி இந்த லட்சணம். இனிமே பிரிச்சா இது பனியன் இல்ல, துண்டு.

நெட்டை: அப்போ விடு. நான் வரல.

சுண்டு: பனியன் நுழையலன்னு வரலையா? இல்ல, வராம இருக்கறதுக்குப் பனியன் ஒரு சாக்கா?

நெட்டை: உனக்கு எது சௌகரியமோ அதை வச்சுக்கோ.

சுண்டு: கையை ஆட்டாத, ஊசி இருக்கு. உன் மேலயே வச்சு ரெண்டு பக்கமும் ஒட்டுத் துணி தைச்சா சரியாயிடும். மஞ்சள் துணி கையோட கொண்டு வந்திருக்கேன்.

நெட்டை: இன்னும் மஞ்சளாவா இருக்கு பனியன்?

சுண்டு: மஞ்சள்னு சொல்ல முடியாது. பழைய பல்லு நிறம்.

நெட்டை: நல்லவேளை. எனக்குத் தெரியப் போறதில்ல.

சுண்டு: எண் மட்டும் அப்படியே இருக்கு. தடவிப் பாரு.

நெட்டை: …ஒன்பது.

சுண்டு: ம்.

நெட்டை: இதோட வால் பிரிஞ்சு தொங்கிட்டு இருந்துச்சு. ஆறாவது ஃபைனல் அன்னைக்கு, நீ டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல போர்டு முன்னாடி உக்காந்தே தைச்சுக் குடுத்தே. காதுல ஹெட்போன், வாயில நூல்.

சுண்டு: சூப்பர்வைசர் அம்மா பின்னாடி வந்து நின்னதே தெரியல. 'கேக்கறவங்களுக்கு நம்பர் குடுக்காம என்ன பண்றே'ன்னாங்க. 'இதோ குடுத்துட்டேதான் இருக்கேன் மேடம்'னு பனியனைத் தூக்கிக் காட்டினேன்.

நெட்டை: அந்தம்மாவே சாயங்காலம் முதல் வரிசைல உக்காந்து தொண்டை கட்டற வரைக்கும் கத்தினாங்க.

சுண்டு: யாருதான் கத்தல. டெலிபோன் பொண்ணுங்க வந்துட்டாளுங்கன்னா மத்த டீம் எல்லாம் ரெண்டாவது பரிசுக்குத்தான் ஆடும். ஆறு வருஷம். கோப்பையைத் துடைக்கறதுக்குக் கூட வேற எவளும் தொட்டதில்ல.

நெட்டை: ஷிப்ட் முடிஞ்சு ஹெட்போன் தழும்போட போய் நிப்போம்.

சுண்டு: 'தலையில என்னங்க அடி'ன்னு ஒருத்தி கேட்டா பாரு… புது டீம்.

நெட்டை: 'ஆட்டம் முடியட்டும், உங்களுக்கும் வரும்'னு நம்ம டீம் மதில் சொன்னா.

சுண்டு: பாவம், அவ அழுதுட்டா.

நெட்டை: …ஆ. குத்திட்டே.

சுண்டு: மன்னிச்சுக்கோ. விரல் மடங்க மாட்டேங்குது.

நெட்டை: எந்த விரல்?

சுண்டு: வலது கையில ரெண்டு. வயசாகுதுல்ல. சரி, சாயங்காலம் என்ன நடக்கும்னு சொல்றேன், கேளு. அதே பழைய மைதானம். இந்த வருஷத்துப் பொண்ணுங்க ஃபைனல் ஆடறதுக்கு முன்னாடி நம்ம அஞ்சு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. ஆளுக்கு ஒரு பந்தைக் கூடையில போடணும். அப்புறம் மைக்.

நெட்டை: பந்து எதுக்கு?

சுண்டு: சும்மா ஒரு அழகுக்கு. விழலன்னாலும் கைதட்டுவாங்க.

நெட்டை: விழலன்னாலும் கைதட்டுவாங்க… அதுக்குத்தான் வரலன்னு சொல்றேன்.

சுண்டு: ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் உனக்குக் கண்ணு போயிடுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். யாரும் ஒண்ணும் எதிர்பார்க்கல.

நெட்டை: எதிர்பார்க்காதவங்க முன்னாடி போய் நிக்கறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது. மைக்ல என்ன கேப்பாங்க?

சுண்டு: என்ன கேப்பாங்க, நல்லா இருக்கீங்களான்னு கேப்பாங்க.

நெட்டை: அதையே கேப்பாங்க. 'நீங்க விட்டுட்டுப் போகாம இருந்திருந்தா ஏழாவது கோப்பையும் வந்திருக்குமா?' பஸ்ல கேட்டாங்க, என் கல்யாணத்துல கேட்டாங்க. பிரசவ வார்டுல நர்ஸ் கேட்டா.

சுண்டு: வந்திருக்கும்னு சொல்லிட்டுப் போயேன்.

நெட்டை: வந்திருக்காது.

சுண்டு: வந்திருக்கும்.

நெட்டை: வந்திருக்காதுடி.

சுண்டு: நாப்பது வருஷமா இதே பாட்டு. இரு, போன் அடிக்குது… மதில்தான். கை ரெண்டும் வேலையா இருக்கு, ஸ்பீக்கர்ல போடறேன். ஹலோ.

மதில்: கிளம்பியாச்சா? மகாராணி வர்றாளா, மாட்டாளா?

சுண்டு: மதிலு, நான் இப்போ அவ வீட்டுல—

மதில்: வரலன்னா விடு. நாலு பேரே போதும். ஏழாவது வருஷமும் நாலு பேரை நம்பித்தானே அம்போன்னு விட்டுட்டுப் போனா.

சுண்டு: நான் சொல்றதைக் கொஞ்சம்—

மதில்: நீ கேளு. ஒரு கூடை. ஒரே ஒரு கூடைல தோத்தோம். அவ இருந்திருந்தா அதைக் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டிருப்பா. 'அலுத்துப்போச்சு'ன்னாளே. எங்களுக்கு அலுக்கலையா? உச்சியில இருக்கறப்பவே இறங்கிட்டா பேர் கெடாது பாரு. அவ பேரு நின்னுடுச்சு, தோத்தது நாங்க. கோச் சார் அன்னைக்குப் பெஞ்சுல உக்காந்தவர், லைட்டை அணைச்ச பிறகும் எந்திரிக்கல. சாகற வரைக்கும் அவளை ஒரு வார்த்தை கேட்டாரா? கேக்கல. நான்தான் கேக்கறேன்.

சுண்டு: போதும்.

மதில்: உனக்கும் சேர்த்துத்தான். நாட்டு டீமுக்கு ஆள் எடுக்க வந்தவங்க உன்னைத்தான் முதல்ல பார்த்தாங்க. பந்தைக் குடுத்தமா, தடுக்கத் திரும்பினமான்னு இருந்தியா? ஓடிப் போய் ரிங்கு நிக்கற கம்பத்தைத் தட்டிட்டு நிக்கறே. ராசியாம். 'நல்லா ஆடறா, ஆனா கிறுக்கு, வேண்டாம்'னு போயிட்டாங்க.

நெட்டை: அவ சொல்றது சரிதானே, சுண்டு.

மதில்: …யாரு அது?

நெட்டை: மகாராணி.

மதில்: …ஸ்பீக்கர்லயா போட்டிருக்கே?

சுண்டு: சொல்ல வந்தேன். நீ விட்டாத்தானே.

மதில்: நல்லா இருக்கியா, நெட்டை?

நெட்டை: இருக்கேன். நீ?

மதில்: முட்டி வலி. …சரி, வச்சுடறேன்.

சுண்டு: வச்சுட்டா.

நெட்டை: குரல் மாறவே இல்ல அவளுக்கு.

சுண்டு: அவ வாய் அப்படித்தான். மனசுல ஒண்ணும் இருக்காது.

நெட்டை: இருக்கு. இருக்கட்டும். …கண்ணை மூடிக்கிட்டுப் போட்டிருப்பாளாம்.

சுண்டு: திரும்பு. இந்தப் பக்கம் இன்னும் நாலு தையல்தான்.

நெட்டை: எதுக்குடி அந்தக் கம்பத்தைப் போட்டு அந்த அடி அடிச்சே?

சுண்டு: சொன்னேனே, ராசி.

நெட்டை: சார் திட்டினாரு. எல்லைக் கோட்டைத் தாண்டுறேன்னு ரெஃப்ரி திட்டினாரு. ஜனங்க உனக்குக் 'கம்பந்தட்டி'ன்னே பேர் வச்சாங்க. நாட்டு டீமே போச்சு.

சுண்டு: போனா என்ன. அங்க ஆடியிருந்தா இப்போ எனக்கும் முட்டி வலி.

நெட்டை: …சிரிக்க வைக்காத.

சுண்டு: சிரிச்சா தையல் இழுக்கும், சிரிக்காத.

நெட்டை: ஊசியைக் கீழ வை.

சுண்டு: முடிச்சுடறேன்.

நெட்டை: வைடி. …வச்சுட்டியா?

சுண்டு: வச்சுட்டேன்.

நெட்டை: நான் இருந்திருந்தாலும் ஏழாவது வந்திருக்காது. நான் இருந்திருந்தா ஒரு கூடைல தோத்திருக்க மாட்டீங்க. அசிங்கமா தோத்திருப்பீங்க. எனக்குக் கண்ணு பிரசவத்துல போகல.

சுண்டு: …

நெட்டை: அஞ்சாவது வருஷமே ஆரம்பிச்சிடுச்சு. பகல்ல ஒண்ணும் இல்ல. பொழுது சாஞ்சா ஓரத்துல இருந்து கருப்பு ஏறும். மாலைக்கண்ணுன்னாரு டாக்டர். போகப்போகப் பகலும் போயிடும்னாரு. யார்கிட்டயும் சொல்லல… உன்கிட்டக் கூட.

சுண்டு: ம்.

நெட்டை: என்னடி 'ம்'? காதுல விழுந்துச்சா?

சுண்டு: விழுந்துச்சு. சொல்லு.

நெட்டை: ஆறாவது ஃபைனல். லைட்டு வெளிச்சம். எனக்கு வளையம் தெரியல. வளையம் என்ன, பலகையே தெரியல. சாம்பல் பூசின மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான். காலுக்குக் கீழ கோடு மட்டும் தெரியும், அதை வச்சுத் தூரம் தெரியும். அந்தக் கடைசிப் பந்து… கை போட்டுச்சு. அது விழுந்ததே கூட்டம் கத்தினப்புறம்தான் எனக்குத் தெரியும். நீங்க எல்லாரும் என்னைத் தூக்கிக்கிட்டு ஓடறீங்க. நான் மேல உக்காந்து அழறேன். சந்தோஷத்துல அழறான்னு நெனச்சீங்க. அது குருட்டு அதிர்ஷ்டம். ஒரு தடவை வந்துச்சு. அடுத்த வருஷமும் வரும்னு உங்க அத்தனை பேர் உழைப்பையும் அதுமேல வச்சு ஆடறதா? அதான் அலுத்துப்போச்சுன்னு சொன்னேன். …இப்போ நீ சொல்லு. மைக் முன்னாடி நின்னு நான் என்ன சொல்றது? ஏழாவதை விடு. ஆறாவதே நாம ஜெயிச்சது இல்லன்னு சொல்லவா?

சுண்டு: அந்தக் கடைசிப் பந்தை யார் குடுத்தா?

நெட்டை: நீதான். எப்பவும் போல 'நெட்டை'ன்னு கத்திட்டு, தரையில ஒரு தட்டுத் தட்டிக் குடுத்தே.

சுண்டு: கத்திட்டு. தரையில தட்டி. மதிலுக்கு நான் அப்படிக் குடுத்திருக்கேனா?

நெட்டை: …கவனிச்சதில்ல.

சுண்டு: நேரா நெஞ்சுக்கு எறிவேன். பிடிக்கலன்னா அவ பாடு. …சரி, பந்து உன் கைக்கு வந்துடுச்சு. அப்புறம்?

நெட்டை: அப்புறம் என்ன, போட்டேன்.

சுண்டு: உடனே போடல. நின்னே.

நெட்டை: நின்னேனா?

சுண்டு: எல்லாரும் 'போடு போடு'ன்னு கத்தறாங்க, நீ பந்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறே. எதுக்கு நின்னே?

நெட்டை: தெரியல. கை போகல.

சுண்டு: அப்போ உனக்கு என்ன கேட்டுச்சு?

நெட்டை: கூட்டம்.

சுண்டு: நல்லா யோசி. லைன் இரைச்சல்ல ஒருத்தர் 'ஹலோ'ன்னா போதும், போன வாரம் கூப்பிட்டவர்னு சொல்றவ நீ. கூட்டத்தைத் தள்ளிட்டுக் கேளு.

நெட்டை: …கம்பம்.

சுண்டு: எத்தனை தடவை?

நெட்டை: ரெண்டு. …சுண்டு.

சுண்டு: இரும்புக் கம்பம். அதுக்கு மேல என்ன இருக்கு?

நெட்டை: …ராசின்னு சொன்னியேடி. எல்லார்கிட்டயும் சொன்னே. உன்னை நாட்டு டீம்ல எடுக்காத அன்னைக்குக் கூட, என் பக்கத்துல உக்காந்து ராசின்னுதானே சொன்னே.

சுண்டு: வேற என்ன சொல்லச் சொல்றே.

நெட்டை: கையைக் குடு. வலது கை. …இந்த ரெண்டு விரலா?

சுண்டு: விடு. வயசாச்சு.

நெட்டை: எப்போ தெரியும் உனக்கு?

சுண்டு: அஞ்சாவது வருஷம் ஒரு சாயங்காலம் பிராக்டிஸ்ல, நான் குடுத்த பந்து நேரா உன் மூக்குல பட்டு ரத்தம் கொட்டுச்சு. 'பராக்கு பார்த்துட்டேன்'னு சிரிச்சே. பராக்கு பார்க்கறவ பந்து வர்ற திசையில கையை நீட்டித் துழாவ மாட்டா. நீ சொல்லல, சரி, எனக்கும் தெரியாதுன்னே இருந்துக்கறேன்னு விட்டுட்டேன். ஏழாவது வருஷமும் தட்டறதுக்குத்தான் இந்தக் கையை வச்சிருந்தேன், நீதான் வரல. வந்திருக்கும் வந்திருக்கும்னு இத்தனை வருஷமா நான் எதை வச்சுச் சொல்றேன்னு நெனச்சே? …ரெண்டு கையையும் தூக்கு, நாலு தையல் குறைஞ்சாலும் பனியன் இப்போ நுழையும். கம்பம் அதேதான், மாத்தல. காலையிலயே போய்த் தட்டிப் பார்த்துட்டு வந்துட்டேன், சத்தம் நல்லாவே கேக்குது.