குறுக்க பேசமாட்டேன், சொல்லுங்க

ஹலோ... மாமா? நான்தான்... ஆமா, ஆமா, அரை டாக்டரேதான் பேசறேன்... அய்யோ, அக்காவுக்கு ஒண்ணும் இல்ல, பதறாதீங்க. அக்காவுக்கு நான் போனே போடல. எனக்கு நீங்கதான் வேணும்... ஏன், மச்சினிச்சி அக்கா புருஷனுக்கு போன் பண்ணா உலகம் இடிஞ்சு விழுந்துடுமா?... சரி, சுயநலம்தான். ஒத்துக்கறேன். இப்ப பேசலாமா?

இன்னும் அந்த ஸ்பேர் பார்ட்ஸ் ரூம்லதான் இருக்கீங்களா?... அநியாயம் மாமா. இருபது வருஷமா லிஃப்ட் மேல ஏறி நின்னு வேல பாத்த மெக்கானிக்க, தல சுத்துதுன்னு ஒரு வார்த்த சொன்னதுக்கு நாலு மாசமா கீழயே உக்கார வெச்சுட்டாங்க... இல்ல, அவங்க மேல தப்பு சொல்லல. சுத்தற தலையோட ஒம்பதாவது மாடி உயரத்துல நிக்க வெக்க முடியுமா? அதுவும் சரிதான்... ம், ம், ஆமா... ஆமா மாமா... சரி, அது இருக்கட்டும், நான் எதுக்குக் கூப்பிட்டேன்னா...

இல்ல, உங்க பேச்ச மாத்தல! அதப் பத்திதான் பேசணும். கேளுங்க. எங்களுக்கு காலேஜ்ல ஒரு கட்டுரை. நாளைக்கு நாங்க பாக்கப்போற வேலைல இருக்கற ஒரு குறைய எடுத்துக்கணும், ஆராய்ச்சி பண்ணணும், ஆதாரத்தோட வாதாடி எழுதணும்... இல்ல, கேன்டீன் குறை இல்ல. தொழில்ல இருக்கற குறை... நான் எடுத்தது என்ன தெரியுமா? 'நோயாளியைப் பேச விடாத மருத்துவர்.' எப்படி?... சிரிக்காதீங்க!

ஒழுங்கா பண்ணியிருக்கேன் மாமா. ரெண்டு வாரம், ஓ.பி.ல ஸ்க்ரீனுக்குப் பின்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்து, டைமர் வெச்சு அளந்தேன். அறுபது நோயாளி. உள்ள வந்து வாயத் தொறந்ததுலேர்ந்து, டாக்டர் குறுக்க பேசற வரைக்கும் எவ்வளவு நேரம்னு. சராசரி எவ்வளவு சொல்லுங்க?... இல்ல... இல்ல, அவ்வளவெல்லாம் இல்ல. பதினாலு செகண்ட்! பதினாலே பதினாலு!... பின்ன? எனக்கே வயித்தெரிச்சல். ஒரு அம்மா பாவம், 'போன வியாழக்கிழம'ன்னு ஆரம்பிச்சாங்க. வியாழக்கிழம என்ன ஆச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

ஆமா, நல்லாத்தான் இருக்கு. ஆனா செவப்புப் பேனா திருப்பி அனுப்பிட்டாங்களே... எங்க மேடம் மாமா. செவப்புப் பேனா இல்லாம அவங்க கைய நான் பாத்ததே இல்ல. ரெண்டே ரெண்டு வரி எழுதியிருக்காங்க. ஒண்ணு, 'அறுபது பேரை அளந்திருக்கிறாய். ஒருவரையாவது கேட்டாயா?' மூக்க ஒடச்சுட்டாங்க. ரெண்டாவது அத விட மோசம். 'வெளியே எண்பது பேர் நிற்கிறார்கள். பேச விட்டால் சாயங்காலம் வரை பேசுவார்கள். இதற்கு உன் பதில் என்ன?'... ஆமால்ல? எனக்கும் பதில் தெரியல. மண்டைய ஒடச்சுக்கிட்டேன், ஒண்ணும் வரல.

அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும். இன்னிக்கு. இப்ப மணி மூணே கால்... குடுக்கலேன்னா இந்தப் பரீட்சைல உக்கார விடமாட்டாங்க மாமா. ஆறு மாசம் திரும்ப இதே வார்டு, இதே ஸ்டூல். என் கூடப் படிச்சவங்க எல்லாம் டாக்டர் ஆயிடுவாங்க, நான் அப்பவும் அரையாவே இருப்பேன்... விளையாடாதீங்க, எனக்கு நிஜமாவே பயமா இருக்கு. லைப்ரரில பேசக்கூடாதுன்னு மாடிப்படில உக்காந்து பேசிட்டு இருக்கேன்.

அதான்! நீங்க நாலு டாக்டரப் பாத்தீங்கல்ல? நாலு பேரும் உங்களப் பேச விட்டிருக்கமாட்டாங்க. அத நீங்க சொல்லணும், நான் எழுதணும். அவ்வளவுதான் வேல... ரெடியா? நோட்டு எடுத்துட்டேன். முதல் கேள்வி. டாக்டர்கிட்ட போனப்ப என்ன நடந்துச்சு? நிதானமா சொல்லுங்க. நான் குறுக்க பேசமாட்டேன்.

ம்... எந்த டாக்டர், கண்ணாடி போட்டவரா?... சரி சரி, சொல்லுங்க.

ம்... செவ்வாய்க்கிழம, ஒம்பது மாடிக் கட்டடம், சரி... இல்ல மாமா, கட்டடத்துக் கதையெல்லாம் வேணாம். நேரா டாக்டர் ரூமுக்கு வாங்க.

ம்... அட, மறுபடி அந்தக் கட்டடத்துக்கே போறீங்களே! லிஃப்ட் பத்தி இல்ல, டாக்டர் பத்தி.

சரி, நானே கேக்கறேன். முதல் டாக்டர் என்ன சொன்னாரு?... பி.பி. மாத்திரை. ரெண்டாவது?... கேஸ். தல சுத்தறதுக்கு கேஸா! மூணாவது?... டென்ஷன். நாலாவது?... ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஒண்ணுமில்ல, ரெஸ்ட் எடுங்க. சூப்பர் மாமா!... உங்களுக்கு சூப்பர் இல்ல, கட்டுரைக்கு. இப்ப ஒரு வரி போட்டுக்கறேன், கேளுங்க. 'என் வேதனையை எடுத்துரைக்க ஒருவரும் எனக்கு வாய்ப்பளிக்கவில்லை.' இப்படி நீங்க சொன்னதா... ஏன்? நல்லாத்தானே இருக்கு?... நீங்க அப்படிப் பேசமாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? செவப்புப் பேனாவுக்குத் தெரியாதுல்ல!... சரி, சரி. பொய் வேணாம். அடிச்சுட்டேன். அப்ப நீங்க எப்படித்தான் சொல்வீங்க?

ம்... நல்லவரா? யாரு, அந்த ரெண்டாவது டாக்டரா?... குழந்த எப்படிப் படிக்கறான்னு கேட்டாரா? மாமா, மாமா, தயவு செஞ்சு அவர நல்லவர்னு சொல்லாதீங்க. என் கட்டுரை படுத்துடும்... இருக்கலாம், தங்கமான மனுஷனா இருக்கலாம், ஆனா கேஸ்னு சொன்னாரா இல்லையா?... அதானே. மேல சொல்லுங்க.

ம்... திரும்ப லிஃப்டா! உங்களுக்கு அந்த லிஃப்ட விட்டா வேற நெனப்பே...

என்ன சத்தம் அது?... இல்ல, இப்ப 'க்ளிக்'னு கேட்டுச்சு. நான் பேசறப்பெல்லாம் கேக்குது. பேனாவத் தட்டறீங்களா?... ஸ்டாப்வாட்ச்சா? அது எதுக்கு உங்ககிட்ட?... ஓ, கதவு மூடற நேரம் பாக்கறதுக்கு. சரி, இப்ப அங்க எந்தக் கதவு மூடுது?

...என்னது?

நான் மூடறேனா?

மாமா, காதுல பூ சுத்தாதீங்க. எத்தன தடவ?... பதினோரு தடவ நான் குறுக்க பேசினேனா! சும்மா அடிச்சு விடாதீங்க, நான் நோட்டும் கையுமா எவ்வளவு அமைதியா... இதோட பன்னெண்டா? இது கணக்குல வராது, நீங்க என்னச் சீண்டிட்டு... சராசரி?

ஆறு செகண்ட்.

...

ஆறா? அவங்களே பதினாலு செகண்ட் விட்டாங்க மாமா. நான் ஆறா?... சிரிங்க, நல்லா சிரிங்க. பக்கத்துல இருக்கறவங்களையும் கூப்பிட்டு வெச்சு சிரிங்க... என்ன? நடுவுல கை வெச்சா லிஃப்ட் கதவுகூட திரும்பத் தொறக்குமா? எனக்கு அந்த அறிவுகூட இல்லையா? இத ரொம்ப நேரமா வாய்க்குள்ள வெச்சுட்டு இருந்தீங்கல்ல, சொல்றதுக்கு!... ஆமா, நான்தான் சொல்ல விடல. தெரியுது.

சரி. பந்தயம். இப்ப நீங்க முதல்லேர்ந்து சொல்லுங்க. கட்டடம், லிஃப்ட், செவ்வாய்க்கிழம, எது வேணும்னாலும். நான் 'ம்' தவிர ஒரு வார்த்த பேசமாட்டேன். பேசினா ஞாயித்துக்கிழம உங்க வீட்டுப் பாத்திரம் பூரா நான் கழுவறேன்... குக்கரும் சேத்து. வாட்ச்ச அழுத்துங்க.

...

ம்.

...

ம்.

...

ம்... ம்.

...

க்ஹும். இருமல்! சத்தியமா இருமல்தான்!

...

ம்.

...

...

ம்.

...

முடிஞ்சுதா? பேசலாமா?

மாமா, நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. அந்த ஒம்பது மாடிக் கட்டடத்துல, லிஃப்ட் மேல நின்னுட்டு, தலைக்கு மேல இருக்கற சக்கரத்த அண்ணாந்து பாத்தீங்க. பாத்த நிமிஷமே மொத்தமும் ராட்டினம் மாதிரி சுத்துச்சு. கம்பியப் புடிச்சுட்டு கண்ண மூடிட்டு நின்னீங்க, அரை நிமிஷத்துல நின்னுடுச்சு. மறுபடி அண்ணாந்து பாத்தீங்க, மறுபடி சுத்துச்சு. கீழ பாத்து வேல செஞ்சா ஒண்ணும் இல்ல. சரியா?... இத நாலு டாக்டர்கிட்டயும் சொன்னீங்களா?... 'கட்டடத்துல'ங்கற வரைக்கும்தான் போக முடிஞ்சுதா?... ம்.

சரி, இப்ப நான் கேக்கறதுக்கு பதில் மட்டும்... இல்ல, எவ்வளவு வேணும்னாலும் சொல்லுங்க. படுத்துட்டுப் பொரளும்போது சுத்துதா?... வலது பக்கம் பொரண்டாதான்... எவ்வளவு நேரம்?... அதே அரை நிமிஷம்தான். காது நல்லாக் கேக்குதா?... பேச்சு குளறல், கை கால் மரத்துப் போறது, ரெண்டு ரெண்டாத் தெரியறது?... ஒண்ணும் இல்ல. சரி.

மாமா, கவனமாக் கேளுங்க. நான் அரை டாக்டர், முடிவாச் சொல்லக்கூடாது. ஆனா இது பி.பி.யும் இல்ல, கேஸும் இல்லன்னு தோணுது. காதுக்குள்ள ரொம்ப உள்ள, தூள் மாதிரி சின்னச் சின்னதா ஒண்ணு இருக்கும். அது எடம் மாறிட்டா இப்படித்தான், அண்ணாந்தா சுத்தும், பொரண்டா சுத்தும். படுக்க வெச்சுத் தலையத் திருப்பிப் பாத்தாலே கண்டுபுடிச்சுடுவாங்க. அதுதான்னா, அதே மாதிரி ஒரு வரிசையாத் தலையத் திருப்பியே சரி பண்ணப் பாப்பாங்க. நெறைய பேருக்கு அதுலயே சரியாயிடும்... இல்ல, மந்திரம் இல்ல. நாளைக்குக் காலைல காது மூக்கு தொண்ட டாக்டர்கிட்ட வாங்க, நான் கூட வரேன். அது வரைக்கும் ஏணில கால் வெக்கக்கூடாது. ஸ்டூல்லகூட... ஏறலாம், திரும்ப ஏறலாம் மாமா. முதல்ல அவங்க பாக்கட்டும்.

...அழறீங்களா?... சரி, இருமல். உங்களுதும் இருமல்தான்.

ஆனா ஒண்ணு, இத ஏன் மாமா என்கிட்ட முன்னாடியே சொல்லல? வீட்டுலயே ஒருத்தி படிச்சுட்டு...

...

சொன்னீங்களா? என்கிட்டயா? எப்ப?

...

குழந்தையோட பொறந்த நாள் அன்னிக்கு. பால்கனில. ஆமா, நான் போன நோண்டிட்டு இருந்தேன்... நான் என்ன சொன்னேன்?

...

'தண்ணி நிறையக் குடிங்க மாமா.' அய்யோ.

அப்ப நாலு டாக்டர் இல்ல. நாலரை... ஆமா, அந்த அரை நான்தான். நாலு மாசம் மாமா. நீங்க அந்த ரூம்ல உக்காந்திருந்த நாலு மாசமும்... சே. எனக்கு என் மேலயே கோவமா வருது.

மணி... மூணே முக்காலா! செத்தேன். மாமா, வெச்சுடாதீங்க, ஒண்ணே ஒண்ணு. அந்த வாட்ச்ச அழுத்தினீங்கல்ல, நீங்க பேசி முடிக்க எவ்வளவு ஆச்சு?... எவ்வளவு?... ஒரு நிமிஷம் ஐம்பது செகண்டா? கட்டடம், செவ்வாய்க்கிழம, உங்க சூப்பர்வைசரத் திட்டினது, என் இருமல், எல்லாம் சேத்தா?

மாமா! இதான்! இதான் பதில்!... செவப்புப் பேனாவோட ரெண்டாவது கேள்விக்கு! பேச விட்டா சாயங்காலம் வரைக்கும் பேசுவாங்கன்னாங்கல்ல? நீங்க ரெண்டு நிமிஷம்கூடப் பேசல! அந்த ரெண்டு நிமிஷத்த மிச்சம் புடிக்கப் போய் நாலு டாக்டர், ஒரு ஸ்கேன், நாலு மாசம்! இப்ப எதனால வரிசை நீளமாச்சு? நீங்களே நாலு வாட்டி வரிசைல நின்னிருக்கீங்க, உங்கள முதல்லயே பேச விட்டிருந்தா அந்த எண்பது பேர்ல ஒருத்தர் கொறஞ்சிருப்பாரு!... ஒருத்தர வெச்சு எல்லாரும் இப்படித்தான்னு சொல்ல முடியாது, தெரியும். அதையும் எழுதுவேன். ஆனா இந்தத் தடவ நான் ஒருத்தரக் கேட்டிருக்கேன்ல?

இன்னொண்ணும் எழுதப் போறேன். அட்டவணைல அறுபத்தொண்ணாவது வரி. 'கட்டுரை எழுதிய மாணவி. ஆறு செகண்ட்.'... எழுதத்தான் வேணும் மாமா. வகுப்புல சிரிக்கட்டும். மத்தவங்களை அளந்துட்டு என்ன மட்டும் விட்டா எப்படி?... 'அரை டாக்டர்'னே போடணுமா? நல்ல எடம் பாத்துதான் கால வாரறீங்க!

பாத்திரமா? இருமலுக்கெல்லாம் பாத்திரம் கழுவ முடியாது... சரி, பாதி. குக்கர் என் கணக்குல வராது... சரி மாமா, குக்கரும்.

மாமா, வெக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம். இது கட்டுரைக்காக இல்ல, மனசாரச் சொல்றேன். அன்னிக்கு பால்கனில நீங்க என்ன நம்பித்தானே வந்து...

ஹலோ?

மாமா? ஹலோ?

வெச்சுட்டாரு! ஆறு செகண்டு இருக்குமா?