இரண்டாம் பக்கத்திலேயே குறட்டை

பட்டர்வொர்த்தில் ஃபெரி கிளம்பியபோது என் முன்வரிசையில் இரண்டு தாதியர். இளையவள் சொன்னதைக் கேட்டுக் கைப்பேசியை மூடிவிட்டேன்.

“தூக்கம் வராதவங்களத்தான் ஆராய்ச்சியில சேக்கணும். எனக்குக் கெடச்ச ஒரே அங்கிளும் தூங்கிட்டாரு, அக்கா!”

“எப்படி?”

“விளக்கத் தாள முழுசா படிச்சுக் காட்டுனாத்தான கையெழுத்து வாங்கலாம்? ரெண்டாம் பக்கத்துலயே குறட்டைலா. அவரு வீட்டுக்கு மூணு தடவ போயிட்டேன், மூணு தடவயும் அப்படித்தான்.”

“எழுப்பி மிச்சத்தப் படிக்க வேண்டியதுதான?”

“அவரு சம்சாரம், அந்த ஆன்ட்டி விடல. ‘மனுசன் இப்பத்தான் கண்ண மூடுறாரு, எழுப்பாதம்மா’ன்னு என்னைய வாசலுக்குத் தள்ளிட்டாங்க.”

“அப்ப ஆள் போச்சா?”

“எங்க போச்சு? நாளைக்கும் வந்து படிக்கணுமாம். பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் தலகாணியோட வராங்களாம்.”