பாலத்துக்கு ஒரு பலகை

நெரினா: இன்னும் கொஞ்சம் தாழ்த்தி மாட்டு, துல்லியோ. என் செம்மறிங்களும் படிக்கட்டும்.

துல்லியோ: அந்தத் திருகாணியை எடுத்துக் குடு.

நெரினா: நீயே குனிஞ்சு எடு. மேலிடத்துக்குக் குனிஞ்ச முதுகுதானே.

துல்லியோ: பாலுக்குப் பதிலா மோரைக் குடிச்சிட்டு வந்தியா? இவ்வளவு புளிப்பு...

நெரினா: பதினோரு நாளா ரெண்டு பாலத்தையும் மூடி வச்சா தேனா வடியும்? உன் புதுப் பாலம்... என்ன கூத்து. வாத்தியம், ரிப்பன், பிஷப் வந்து தீர்த்தம் தெளிச்சாரு. ஒம்பதே வருஷம். விரிசல்ல கை உட்டா முழங்கை வரைக்கும் போகுது.

துல்லியோ: அது நான் கட்டினதில்ல.

நெரினா: நகராட்சி இன்ஜினியர்னு போட்ட கையெழுத்து உன்னது.

துல்லியோ: முன்னூறு பக்கம் கணக்கு இருந்துச்சு. எல்லாம் சரியா இருந்துச்சு.

நெரினா: கணக்கு நிக்குது. பாலந்தான் விழுது. இதோ, பக்கத்துல ரெண்டாயிரம் வருஷமா நிக்கிறது ரோமானியன் கட்டின பாலம். அதையும் சேத்து மூடிட்டே.

துல்லியோ: அவங்க மாட்டுவண்டிக்குக் கட்டினது. உன் பால் வண்டி நிரம்பினா ஏழரை டன்.

நெரினா: சண்டைக் காலத்துல ராணுவ டாங்கியே இது மேல போச்சு.

துல்லியோ: இந்தப் பாலத்துக்குக் காகிதம் இல்ல, நெரினா. காகிதம் இல்லாம நான் எதை நம்பி...

நெரினா: ரோமானியன் ரசீது போட்டுக் குடுக்க மறந்துட்டான், பாவம்.

துல்லியோ: சரி... பாலை என்ன பண்றே?

நெரினா: பன்னிக்கு ஊத்தறேன்.

துல்லியோ: உன்கிட்ட பன்னியே கிடையாதே.

நெரினா: வாங்கினேன்.

துல்லியோ: மலையைச் சுத்திக்கிட்டுப் போனா அம்பத்திரண்டு கிலோமீட்டர். ஏழு மணிக்குள்ள போகலேன்னா ஃபானோ ஊர்ப் பால்பண்ணைக்காரன் பாலை எடுக்க மாட்டான். ஒப்பந்தமும் போயிடும். அப்படித்தானே?

நெரினா: தெரிஞ்சும் மூடினே பாரு.

துல்லியோ: யாரும் போகக்கூடாதுன்னு பாலத்துக்குக் குறுக்கே நான் கட்டின சிவப்பு நாடா தினம் காலைல வேற முடிச்சுல இருக்கு.

நெரினா: காத்து.

துல்லியோ: காத்து முடிச்சுப் போடுமா?

நெரினா: இந்தப் பள்ளத்தாக்குக் காத்துக்கு உன்னைவிட மூளை ஜாஸ்தி.

துல்லியோ: இருக்கலாம்.

நெரினா: ஸ்கூல்ல நம்ம வரலாறு டீச்சர் சொல்லுவாங்களே, ஞாபகம் இருக்கா? அந்தக் காலத்துல பால வளைவுக்கு முட்டுக் குடுத்த மரத்தை உருவும்போது, கட்டினவன் அதுக்குக் கீழயே நிக்கணுமாம்.

துல்லியோ: கதை அது.

நெரினா: கதையோ நிஜமோ, அவன் நின்னான். நீ? பேனாவைத் தூக்கிக்கிட்டு நகராட்சி வாசல்ல நிப்பே. மழை பெஞ்சா அங்கயும் நிக்க மாட்டே.

துல்லியோ: பேசி முடிச்சிட்டியா?

நெரினா: இல்ல.

துல்லியோ: மீதியை அப்புறம் பேசு. முதல்ல பலகையை மூடி ஒட்டியிருக்கிற இந்தத் தாளைக் கிழிச்சிட்டுப் படி.

நெரினா: ‘போகாதே’ன்னு போட்டிருப்பே. வேற என்ன...

துல்லியோ: படி.

நெரினா: ...எட்டு டன் வரைக்கும் போகலாம். ஒரு தடவைக்கு ஒரு வண்டி.

துல்லியோ: சத்தமாத்தான் படியேன். உன் செம்மறிங்க கேக்கட்டும்.

நெரினா: காகிதம் இல்லாம நகர மாட்டேன்னியே. யாரு கணக்குப் போட்டது?

துல்லியோ: கணக்கில்ல, கண்ணாடி. நடு வளைவுல, ரெண்டு கல்லு சேர்ற இடத்துல, கண்ணாடித் துண்டைச் சாந்து வச்சு ஒட்டினேன். கல்லு மயிரிழை நகர்ந்தாலும் ஒடஞ்சிடும். பதினோரு நாள் ஆச்சு. ஒண்ணும் ஒடையல. தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன், அதான் இப்பக் காகிதம்.

நெரினா: மூடின பாலத்துல கண்ணாடி எதுக்கு ஒடையும்? மேல பாரம் போகணுமே.

துல்லியோ: போச்சே.

நெரினா: ...காத்தா?

துல்லியோ: ஏழரை டன் காத்து. தினம் காலைல அஞ்சு பத்துக்கு.

நெரினா: ...நீ தூங்கிட்டிருப்பேன்னு நெனச்சேன். அப்ப மூடின மறுநாளே என்னைப் பிடிச்சிருக்கலாமே.

துல்லியோ: பிடிச்சா பாரத்துக்கு எங்க போவேன்? வண்டி மேல போகும்போது யாராவது அந்தக் கண்ணாடியைப் பாத்துக்கிட்டே இருக்கணும்.

நெரினா: யாரு பாத்தது?

துல்லியோ: வியாழக்கிழமை நடுப்பாலத்துல வண்டியை நிறுத்திட்டு சிகரெட் பத்தவச்சே, ஞாபகம் இருக்கா? உனக்கு அது ஒரு சிகரெட். அந்த வளைவுக்குக் கீழ நின்ன எனக்கு அது ரொம்ப நீளம், நெரினா.